வலப்பக்கம் நானூறு பிக்சல்

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

காலையில் அனுமந்தையிலிருந்து ஒருவன் வந்தான். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா, பேனர் வேண்டும். நேற்றே செய்து வைத்திருந்ததைத் திரையில் காட்டினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “பாப்பா பேரு லெஃப்ட்ல ஒதுங்கிக்கினு இருக்குதே சார்” என்றான்.

இருக்க முடியாது என்றேன். நடுவில் நிறுத்தும்படி கட்டளை கொடுத்தாயிற்று, அது கணக்குப் போட்டு நிறுத்துகிறது, உன்னையும் என்னையும் போலக் கண்ணால் பார்த்து இல்லை என்றேன். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துத் திரையின் இடது ஓரத்தில் வைத்து, பெயர் தொடங்கும் இடத்தில் நகத்தால் கோடு கிழித்தான். அதே டிக்கெட்டை வலது ஓரத்தில் வைத்தான். அவன் சொன்னதுதான் சரி.

காரணம் அற்பமானது. பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன். கடைசி எழுத்துக்குப் பிறகு இரண்டு வெற்றிடங்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. நமக்கு அது தெரியாது, மென்பொருளுக்குத் தெரியும். அந்த வெற்றிடங்களையும் எழுத்தாக எண்ணி, எல்லாவற்றையும் சேர்த்து நடுவில் நிறுத்தியிருக்கிறது. அழித்தேன். பெயர் தானாக நகர்ந்து வந்து நின்றது.

எம்.எஸ்சி., எம்.ஃபில். பத்தொன்பது வருடம் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். என்னை ஒரு பஸ் டிக்கெட் திருத்துகிறது.

ஆகஸ்ட் 6 – புதன்

மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. சேமிக்காத வேலை போயிற்று. உப்புக் காற்றில் ஷிஃப்ட் பட்டனும் அழுந்தியபடி நின்றுவிட்டது. யாரைத் திட்டுவது?

ஆகஸ்ட் 8 – வெள்ளி

“அரை வாத்தியார் கடை இதுதானுங்களா?”

வாசலில் நின்று கேட்டவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. யாரோ வழி சொன்னார்கள், இவன் கேட்டான். அவ்வளவுதான். ஆமாம், இதுதான் என்று சொல்லி உட்கார வைத்தேன். வேறு என்ன செய்ய?

மாவுமில் வைக்கிறானாம். ஒரு வட்டத்துக்குள் ‘மு’ என்ற எழுத்து மட்டும் நிற்க வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்து. கேட்கச் சுலபமாக இருக்கிறது. எழுத்துக்கு வால் கீழே இறங்குகிறது. மென்பொருள் வாலையும் சேர்த்து அளந்து நடுவில் வைத்தால், எழுத்தின் உடம்பு மேலே ஏறிக்கொள்கிறது. கண் வாலை எண்ணுவதில்லை, உடம்பைத்தான் பார்க்கிறது. வாலை எண்ணாமல் கையால் இறக்கி வைத்தால் கண்ணுக்குச் சரி, கணக்குக்குப் பிழை. அரை மணி நேரம் ஏற்றி இறக்கினேன். கடைசியில் கண்ணுக்கே விட்டுக்கொடுத்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணை நம்பு, கண்ணை நம்பாதே என்று மாணவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அரை வாத்தியார். எழுதியே விடுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொண்டு என்ன.

அப்பா இறந்தது 2014இல். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைத் தம்பி சகாதேவன்தான் ஏற்பாடு செய்தான். நடுவில் அப்பா, இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான். அடித்த இடத்தில் ஓரத்தை வெட்டும்போது என்னையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். ஒரு கண், ஒரு காது, பாதி மீசை. பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பளம் வரைக்கும் எல்லாச் சுவரிலும் நான் பாதி ஆள். அவன் முழு ஆள், சிரித்த முகம்.

கருமாதி அன்று பந்தியில் வைத்துத்தான் கேட்டேன். ஊரே உட்கார்ந்திருந்தது. “ஒரு போஸ்டருக்கா அண்ணே இம்மாம் கோவம்? அதான் பாதி தெரியுதில்ல” என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்ததும் பந்தியே சிரித்தது. இலையிலிருந்து எழுந்து வந்தேன். பதினொரு வருடம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை.

வெட்டியது அச்சகக்காரன் என்று என் மனைவி ரேணுகா சொல்வாள். சிரித்தது யார்? என் தம்பிதானே?

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

இலக்கியா வந்தாள். சகாதேவனின் மகள். ஆரோவில்லில் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறாள். இருபத்தொன்பதாம் தேதி அவளுக்குக் கல்யாணம், பிரம்மதேசத்துப் பையன். இதெல்லாம் ரேணுகா வழியாக எனக்குத் தெரியும், பத்திரிகை வழியாக அல்ல. இன்னும் யாரும் தட்டு எடுத்துக்கொண்டு இந்த வாசல் ஏறவில்லை.

ஸ்கூட்டரை நிறுத்தி நேராகக் கடைக்குள் வந்தாள். கடை என்றால் வீட்டின் முன்னறைதான்.

“பெரியப்பா, ஒரு டவுட்டு.”

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மண்டபத்து வாசல்ல வெக்கிற பேனர் நானே செஞ்சிட்டேன். இருபதுக்குப் பத்து. எல்லாம் சரியா வந்துடுச்சு. கீழ ஃபோட்டோ வரிசை மட்டும் சென்டர்ல நிக்கமாட்டேங்குது. எங்க ஆபீஸ்ல யாருக்கும் புரியல. உங்களத் தவிர வேற யாரு பெரியப்பா கண்டுபுடிப்பாங்க?”

“உங்கப்பன் அனுப்பினானா?”

“இல்ல. நானா வந்தேன்.”

“அப்ப நீயே எடுத்துக்கினு போ.”

அவள் கோபப்படவில்லை. பென் டிரைவை மேசைமேல் வைத்தாள், உள்ளே போனாள், ரேணுகாவிடம் டீ வாங்கிக் குடித்தாள், இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், போய்விட்டாள். பத்திரிகை வைக்க வேண்டிய இடத்தில் பென் டிரைவ் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தக் காலத்துப் பெண்.

தொடப்போவதில்லை.

ஆகஸ்ட் 11 – திங்கள்

தொட்டேன். சும்மா திறந்து பார்க்கலாம் என்றுதான்.

குறை சொல்ல முடியாத வேலை. பெண்ணும் பிள்ளையும் மேலே, பெயர்கள் நடுவில், நிறங்கள் உறுத்தவில்லை. கீழே வரிசையாக ஆறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். சகாதேவன், அவன் மனைவி திரௌபதி, பிறகு திரௌபதி பக்கத்து ஆட்கள் நான்கு பேர். மச்சான், மச்சான் மனைவி, மாமியார், இன்னொரு மச்சான். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. நல்லது.

வரிசை வலப்பக்கம் ஒதுங்கித்தான் இருக்கிறது. பேனர் முழுவதையும் தேர்ந்தெடுத்து, வரிசையை நடுவில் நிறுத்தச் சொன்னேன். அசையவில்லை. ஏற்கெனவே நடுவில்தான் நிற்கிறது என்கிறது மென்பொருள். அளந்தேன். பேனர் அகலம் 7200 பிக்சல். இடப்பக்கம் காலி 1650, வலப்பக்கம் காலி 850. இரண்டும் சமமாக இருந்தால் 1250 வரவேண்டும். அதாவது வரிசை சரியாக நானூறு பிக்சல் வலது பக்கம் தள்ளி நிற்கிறது.

கொஞ்சம் முன்னே பின்னே என்றால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இதில் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. கச்சிதமாக நானூறு.

ஆறு வட்டங்களையும் ஒரே குரூப்பாகப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அதைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு முகமும் ஒரு லேயராக, தனித் தாள் போல, இருக்கும். திறக்கவில்லை. அந்த ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டி வரிசையை நானூறு பிக்சல் இடப்பக்கம் நகர்த்தினேன். நடுவில் நிற்கிறது. விடை தெரிந்துகொண்டு கணக்கு எழுதுகிற மாணவனுக்கு நான் பூஜ்யம் போடுவேன். எனக்கு யார் போடுவது?

ஆகஸ்ட் 14 – வியாழன்

ஃபைலை சாலமனுக்கு அனுப்பியிருந்தேன். ஃபிளெக்ஸ் அச்சடிக்கிற இயந்திரம் மரக்காணத்தில் அவனிடம்தான் நல்லது. பெரிதாக அடிப்பதற்கு முன் தாளில் ஒரு மாதிரி எடுத்துக் காட்டுவான். இன்று போய்ப் பார்த்தால் வரிசை மறுபடியும் வலப்பக்கம் நிற்கிறது. அதே நானூறு.

“எதுக்குடா தொட்ட?”

“நான் இன்னாண்ணே தொட்டேன்? சென்டர் அடிச்சேன். எவன் ஃபைல் வந்தாலும் ஒருவாட்டி சென்டர் அடிச்சிட்டுத்தான் மிஷினுக்கு அனுப்புவேன். பன்னெண்டு வருசமா அதான் பழக்கம்.”

“நான் கையால வெச்சத நீ எதுக்குச் சென்டர் அடிக்கிற?”

“உங்க கை பெரிசா, பட்டன் பெரிசா? நீங்கதானே சொல்வீங்க, கண்ண நம்பாதடா சாலமன், நம்பர நம்புன்னு.”

சொன்னது நான்தான்.

வரும் வழியெல்லாம் உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. சகாதேவனின் பாத்திகளில் ஆட்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். ரோட்டிலிருந்து அவன் தலைப்பாகை தெரியும். பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

ரேணுகா சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பள்ளியில் கொடியேற்றம். திரும்பி வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

“பொண்ணு அவ்ளோ தூரம் வந்து கேட்டுட்டுப் போச்சு. முடிச்சிக் குடுத்தா இன்னா?”

“பத்திரிகை வெச்சானா உன் கொழுந்தன்?”

“வெப்பாரு.”

“எப்போ? தாலி கட்டின பொறவா?”

“வெச்சா போவீங்களா?”

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“தோ பாருங்க, வெக்கலன்னாலும் கோவம், வெச்சாலும் கோவம். ஒரு முடிவுக்கு வாங்க. அவரு செரைக்கலைன்னு நீங்க தாடி வளக்காதீங்க” என்றாள். என்ன அர்த்தம் என்றே தெரியவில்லை. ஆனால் சுட்டது.

கல்லூரிக் கரெஸ்பாண்டென்ட் என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்றும் இவள் இப்படித்தான் பேசினாள். எல்லாரும் வேலை பாக்குறாங்க, நீங்க மட்டும்தான் எல்லாத்தையும் அளந்துக்கினே இருக்கீங்க என்றாள். அளக்காமல் எப்படி வாழ்வது? அளக்காதவன்தானே என் பாதி முகத்தை வெட்டினான்?

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

இரண்டாவது மாதிரி. இந்த முறை சென்டர் அடிக்காதே என்று சாலமனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவன் அடிக்கவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தான். அவன் வேலையாள் அடித்துவிட்டான். முதலாளி கற்றுக்கொடுத்த பழக்கம். கடையில் நின்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கோயிலிலிருந்து திரும்பிய சாலமன் தண்ணீர் கொடுத்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. மிஷின் மேலயும் கோளாறு இல்ல, பையன் மேலயும் இல்ல. ஃபைலுக்குள்ள எதுவோ இருக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாம ஒக்காந்துக்கினு இருக்குது. அதையும் சேத்துத்தான் அது சென்டர் பண்ணுது.”

அனுமந்தைக்காரனின் வெற்றிடம். இந்த நோட்டில் நான்காம் தேதியே எழுதி வைத்திருக்கிறேன். எழுதியவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? சாலமன் பத்தாவது ஃபெயில்.

வீட்டுக்கு வந்து தாளில் போட்டேன். ஒரு வட்டத்தின் விட்டம் 700. இரண்டு வட்டங்களுக்கு நடுவே இடைவெளி 100. வரிசை தள்ளி நிற்பது 400. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாதது 800 பிக்சல் அகலம், வரிசையின் இடது முனையில்.

எண்ணூறு. எழுநூறும் நூறும்.

ஒரு வட்டம், ஒரு இடைவெளி.

சாப்பிடக் கூப்பிட்டாள். அப்புறம் என்றேன்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

குரூப்பைத் திறந்தேன்.

ஏழு லேயர்கள் இருந்தன.

ஆறு பேரின் பெயரையும் உறவுமுறையில் எழுதி வைத்திருக்கிறாள். அப்பா, அம்மா, பெரிய மாமா, அத்தை, ஆயா, சின்ன மாமா. ஏழாவது ‘பெரியப்பா’. லேயரைக் காட்டும் கண் குறி திறந்துதான் இருக்கிறது. படம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒபாசிட்டி பூஜ்யம். அதாவது லேயர் அங்கே இருக்கிறது, எடை இருக்கிறது, இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் தெரியாது. மென்பொருள் முதல் நாளிலிருந்து அந்த ஆளையும் சேர்த்துத்தான் நடுவை அளந்துகொண்டிருந்தது. நான்தான் ஆறு என்று எண்ணிக்கொண்டு அதைத் திட்டினேன்.

ஒபாசிட்டி பூஜ்யமானாலும் லேயர் பட்டியலில் உள்ள குட்டிப் படத்தில் முகம் தெரியும். பழைய படம். சுவரொட்டிக்காக அன்று நான் சகாதேவனிடம் கொடுத்த அதே ஃபோட்டோ, கட்டம் போட்ட சட்டை, முடி இன்னும் நரைக்காதது. பதினொரு வருடம் அவர்கள் வீட்டில் எங்கேயோ இருந்திருக்கிறது.

பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு காதும் இருந்தன.

வரிசையில் முதல் இடம். சகாதேவனுக்கும் முன்னால்.

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

மதியம் இலக்கியாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், “கண்டுபுடிச்சிட்டீங்களா பெரியப்பா?” என்றாள். ஹலோகூட இல்லை.

“ஆபீஸ்ல யாருக்கும் புரியலன்னு சொன்ன?”

“சும்மா சொன்னேன்.”

“எதுக்கு இந்த நாடகம்?”

பின்னால் யாரோ வெளிநாட்டுக்காரர் அவளிடம் ஏதோ கேட்கும் குரல் வந்தது. வெளியே வந்து பேசினாள்.

“அப்பாதான் உங்க ஃபோட்டோவ எடுத்துக் குடுத்தாரு. அண்ணன மொதல்ல வெய்யின்னாரு. வெச்சேன். சாயந்தரம் பாத்துட்டு, வேணாம், உங்க பெரியப்பன் பாத்தா என்னக் கேக்காம எவன்டா என் படத்தப் போட்டதுன்னு மண்டபத்துலயே சண்டைக்கு வருவான், எடுத்துடும்மான்னுட்டாரு. எடுக்க எனக்கு மனசு வரல பெரியப்பா. பூஜ்யம் ஆக்கி வெச்சிட்டேன்.”

“அவன் சொன்னது சரிதான். வருவேன்.”

“தெரியும். அதான் உங்ககிட்டயே குடுத்தேன். வெக்கறதா எடுக்கறதான்னு நீங்களே சொல்லுங்க. நான் ரெண்டுத்துக்கும் ஒத்துக்கறேன்.”

ஃபோனை வைத்துவிட்டேன். அவளுக்கு அவள் அப்பனைப் போலச் சிரிப்பு இல்லை, அவன் பிடிவாதம் இருக்கிறது. இல்லை, அது எங்கள் அப்பாவின் பிடிவாதம்.

ஆகஸ்ட் 20 – புதன்

லேயரை அழித்தால் ஆறு பேர் நடுவில் வந்துவிடுவார்கள். ஒபாசிட்டியை நூறாக்கினால் ஏழு பேர் நடுவில் நிற்பார்கள். இரண்டும் சரியான விடை. இப்படிப்பட்ட கணக்கை நான் ஒருநாளும் வகுப்பில் கொடுத்ததில்லை.

வேறு வேலை ஓடவில்லை. ஒரு சலூன் பலகையை மூன்று முறை தப்பாகச் செய்தேன்.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

திரௌபதி வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை, மஞ்சள் குங்குமம். கூட அவள் அண்ணன் மனைவி. சகாதேவன் இல்லை.

“மாமா, நீங்களும் அக்காவும் மொத நாளே வந்துடணும். பெரியவங்க நீங்கதான் இருக்கீங்க.”

நான் பத்திரிகையைக் கையால் வாங்கவில்லை. ரேணுகா வாங்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் வீட்டு வேப்பமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வண்டியை அணைக்கவில்லை. அவர்கள் இருந்த இருபது நிமிடமும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் என்ன ஓடையில் ஓடுகிறதா? சொந்த அண்ணன் வீட்டு வாசலில் தப்பி ஓடத் தயாராக உட்கார்ந்திருக்கிறான். என்ன மனிதன் இவன்! ஏறி வந்தா என்ன, கடிச்சா தின்னுடுவேன்?

அவர்கள் போனதும் ரேணுகா பத்திரிகையை என் கீபோர்டுமேல் வைத்தாள். அவள் எதுவும் சொல்லாமல் இருப்பது பேசுவதைவிட மோசம்.

பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். என் பெயர் முழுதாக இருந்தது. சிவப்பிரகாசம், பட்டங்களோடு. எம்.ஃபில்லில் ஒரு புள்ளி விட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23 – சனி

நூறு ஆக்கினேன்.

அவனுக்காக இல்லை. அவள் வரிசை நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காக. ஏழு வட்டத்துக்கு அளந்து வைத்த இடத்தில் ஆறு வட்டத்தை நிறுத்துவது வடிவமைப்புக்குச் செய்யும் துரோகம். இதைப் படிக்கும்போது எனக்கே சிரிப்பு வரும் என்று தெரியும். இருக்கட்டும்.

நடுவில் நிறுத்தச் சொன்னேன். இடப்பக்கம் 850, வலப்பக்கம் 850. வரிசை ஒரு பிக்சல்கூட அசையவில்லை. அசைய வேண்டியதே இல்லாமல் இருந்திருக்கிறது. கறுப்பு முடியோடு இருந்த படத்தை எடுத்துவிட்டு இந்த வருடத்து நரைத்த படத்தை வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. முழுதாக இருக்கும் ஒரே படம் அதுதான் என்பது போல ஒரு நினைப்பு.

சாலமன் கடையில் அவனே உட்கார்ந்து, என் எதிரிலேயே, சென்டர் அடித்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் அடித்தான்.

“நவுரல அண்ணே.”

“நவுராது.”

திரையை உற்றுப் பார்த்தான். “இது யாரு, நீங்களா? மொதல்ல இல்லியே?”

“இருந்தேன்” என்றேன்.

ஆகஸ்ட் 29 – வெள்ளி

கல்யாணம் முடிந்தது. போனேன்.

பேனரை மண்டபத்து வாசலில் கோணலாகக் கட்டியிருந்தார்கள். இடது கயிறு மேலே, வலது கயிறு கீழே. பன்னிரண்டு நாள் பிக்சல் பிக்சலாக அளந்ததை ஒரு முழக் கயிற்றில் கெடுத்துவிட்டான் மண்டபத்துக்காரன். ஏணி கேட்டேன். கல்யாண நேரத்துல ஏணிக்கு எங்க சார் போறது என்றான்.

அதன் கீழே நின்று ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். உப்பளக் கணக்குப்பிள்ளை கன்னியப்பன் உரக்கவே சொன்னார்: “அடேங்கப்பா, வாத்தியாருக்கு இன்னொரு காதும் மொளச்சிடுச்சு!” சிரித்தார்கள். பதினொரு வருடம் கழித்தும் அதே சிரிப்பு. பந்தியில் உட்கார்ந்தேன், இந்த முறை இலையிலிருந்து எழுந்து வரவில்லை. பாயசம் ஆறிப்போயிருந்தது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். இலக்கியா காலில் விழுந்தாள். அட்சதை போட்டேன். அவள் நிமிரும்போது, “850, 850” என்று என் காதருகே சொன்னாள். கழுதை.

சகாதேவன் ஒரு கை தூரத்தில் நின்றான். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான். நானும் ஃபேனைப் பார்த்தேன். படம் போடத் தைரியம் இருக்கிறது, வாங்க என்று சொல்ல வாய் இல்லை. அவன் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. அவனும் கேட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3 – புதன்

சலூன் பலகை முடிந்தது. ஷிஃப்ட் பட்டன் மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

செப்டம்பர் 9 – செவ்வாய்

சாலமன் கடையிலிருந்து மூன்று மணிக்கு மேல் திரும்பினேன். மேற்கே வானம் கறுத்து வந்தது. மண் வாசனை. உப்பளத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாரிக் குவித்த உப்பை மூடாவிட்டால் ஒரு மழைக்குப் பாதி கரைந்துவிடும். ஆட்கள் தூரத்துக் குவியல்களின்மேல் கீற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரக் குவியலருகே சகாதேவன் தனியாக நின்றான். கையில் ஃபிளெக்ஸ். கல்யாணப் பேனர். இங்கே எல்லா விசேஷத்துப் பேனரும் கடைசியில் உப்புமேல்தான் வந்து படுக்கும், எனக்கும் தெரியும். ஆனால் பதினொரு நாளிலேயேவா?

அவன் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையைக் காற்று தூக்கிற்று. ஓடிப்போய் அதைப் பிடித்தால் இது பறந்தது. இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை அவன் வழுக்கிப் பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டான்.

வண்டியை அணைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தேன். மறுமுனையைப் பிடித்ததும் ஃபிளெக்ஸ் விறைத்தது. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் உப்பு, உப்பின்மேல் எங்கள் ஏழு பேர் முகமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு.

“டேய், உன் பக்கம் ரொம்பப் போயிடுச்சு. இழுக்காத, வுடு!”

பதினொரு வருடத்தில் முதல் வார்த்தை இதுதான். யோசித்து வைத்திருந்தவை எத்தனையோ. ஒன்றும் வரவில்லை.

“அண்ணே, கல்லு! அந்த மூலைல கல்லு வை! பறக்குது பாரு!”

வைத்தேன். அவன் அந்தப் பக்கம் வைத்தான். முதல் துளி பெரிதாக, என் படத்தின்மேலேயே விழுந்தது. மணல் மூட்டை இரண்டை இருவரும் சேர்ந்து இழுத்து ஓரத்தில் போட்டோம். அதற்குள் நனைந்தாயிற்று. மூச்சு வாங்க நின்றோம். அவனுக்கும் மீசை நரைத்திருக்கிறது. கிட்டத்தில் நின்றால்தான் தெரிகிறது.

தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினான். வாங்கித் துடைத்துக்கொண்டேன். உப்புக் கரித்தது.

அவன் இரண்டு எட்டு பின்னால் போய், கண்ணைச் சுருக்கி, குவியலைப் பார்த்தான்.

“சென்டரா இருக்குதா அண்ணே?”

நானும் பார்த்தேன். ஃபிளெக்ஸ் இரண்டு பக்கமும் தரையைத் தொட்டிருந்தது. ஆனால் அரை அடி அவன் பக்கம் தள்ளித்தான் இருந்தது. அளக்கவே வேண்டாம்.

“சென்டர்தான்” என்றேன்.